இரண்டு காதலர்கள், ஒரு சர்வாதிகாரி

குகைக்குள் காய்ச்சலில் கிடக்கிறான் பையன். பக்கத்தில் இருக்கும் பெண் அவனுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து குட்டிப் பாராசூட் ஒன்று இறங்குகிறது. அதில் ஒரு பாத்திரம் நிறையச் சூடான சூப். அனுப்பியவர் அவர்களுடைய பயிற்சியாளர் ஹேமிட்ச். காசு கொடுத்தவர்கள், இந்த மரண விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் தலைநகரத்துப் பணக்காரர்கள். காட்னிஸுக்குக் கணக்கு உடனே புரிந்துவிடுகிறது: ஒரு முத்தத்துக்கு ஒரு பாத்திரம் சூப். உயிரோடு வெளியே போகவேண்டுமானால் இன்னும் நன்றாகக் காதலிக்கவேண்டும். அல்லது, காதலிப்பதுபோல் இன்னும் நன்றாக நடிக்கவேண்டும்.

சூசன் காலின்ஸ் 2008இல் எழுதிய 'த ஹங்கர் கேம்ஸ்' நாவலில் வரும் காட்சி இது. பதின்வயதினருக்கான ஃபேன்டஸி, அறிவியல் புனைகதைக் காதல் நாவல்களை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. காட்னிஸ், பீட்டா காதலை அந்த அரங்கத்திலிருந்து பிரித்தெடுத்து ஒரு கல்லூரி கேன்டீனில் உட்கார வைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அந்தக் காதலுக்குக் கேமரா வேண்டும், பசி வேண்டும், பார்த்துக்கொண்டிருக்கும் கொலைகார அரசு வேண்டும். இந்த வகையில் வரும் பெரும்பாலான நாவல்கள் இந்தச் சோதனையில் தோற்றுப்போகின்றன. டிராகனை எடுத்துவிடலாம், விண்கலத்தை எடுத்துவிடலாம், இரண்டு நிலா உள்ள வானத்தைச் சுருட்டி வைத்துவிடலாம்; காதலுக்கு ஒரு சேதமும் வராது.

காலின்ஸுக்கு இந்தக் கதை தோன்றிய விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். இரவில் டி.வி. சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் ஈராக் போர்ச் செய்தி. இரண்டும் தலைக்குள் கலந்தன. அதோடு, ஏதென்ஸ் ஊர் தன் பிள்ளைகளைக் கிரீட் தீவின் மிருகத்துக்குப் பலியனுப்பும் பழைய கிரேக்கக் கதையும் சேர்ந்துகொண்டது. 12 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண், ஆக 24 பேர். ஒருவர் மட்டும் உயிரோடு திரும்பலாம். இந்தக் கட்டமைப்புக்குள் காதல் வருவதே ஒரு பேட்டியில்தான். மேடையில், கேமரா முன்னால், தான் காதலிப்பது கூட வந்த பெண்ணைத்தான் என்று பீட்டா சொல்லிவிடுகிறான். காட்னிஸ் மேடையைவிட்டு இறங்கியதும் அவனைப் பிடித்துத் தள்ளுகிறாள். தன்னைப் பலவீனமானவளாகக் காட்டிவிட்டான் என்று அவளுக்குக் கோபம். ஹேமிட்ச் வேறு கணக்குப் போடுகிறார். யாராவது ஆசைப்படும் பெண்ணுக்குத்தானே ஸ்பான்சர் கிடைப்பான்?

இரண்டாவது புத்தகத்தில் ஜனாதிபதி ஸ்னோ நேராக அவள் வீட்டுக்கே வருகிறார். உங்கள் காதலை நாடு நம்பவேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்துக்கு ஆபத்து என்கிறார். மூன்றாவதில் அரசு பீட்டாவின் நினைவுகளிலேயே விஷம் ஏற்றுகிறது. அவளைப் பற்றி மனதில் இருப்பவற்றில் எது நடந்தது, எது புகுத்தப்பட்டது என்று அவனுக்கே தெரியாமல் போகிறது. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சரிபார்க்கிறான். நடிப்பாகத் தொடங்கியது எந்தப் பக்கத்தில் நிஜமானது என்று வாசகரால் விரல் வைத்துக் காட்ட முடியாது. காட்னிஸாலும் முடியாது. பதின்வயதுக் காதலைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதியவர்கள் குறைவு.

இதைப் படித்த ரசிகர் கூட்டம் என்ன செய்தது? பீட்டா அணி, காட்னிஸின் ஊர்த் தோழன் கேல் அணி என்று பிரிந்து டி-ஷர்ட் போட்டுக்கொண்டது. 2012இல் படம் வந்தபோது விளம்பரச் சந்தையும் அதையே ஊதியது. நாவலுக்குள் தலைநகரத்து ஜனங்கள் செய்வதும் அதேதான்: பிள்ளைகள் சாகும்போது யார் யாரோடு சேருவார்கள் என்று கண்ணீர் விட்டுக்கொண்டு பார்ப்பது. காலின்ஸ் இதைக் கவனித்திருக்கவேண்டும். 2020இல் வந்த 'த பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்' நாவலில் ஸ்னோவின் 18 வயதுக்குப் போய், அவன் காதலை அவன் கண் வழியாகவே எழுதினார். லூசி கிரே என்ற பாட்டுக்காரப் பெண்ணை அவன் நினைக்கும்போதெல்லாம் அவள் தனக்குச் சொந்தம் என்ற எண்ணம் கூடவே வருகிறது. காதல் வசனம் போலவே ஒலிக்கும். இரண்டாம் முறை படித்தால் உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் படம் வந்ததும் இளம் ஸ்னோவுக்கு உருகிய பெண்கள் கூட்டத்தை இணையம் பார்த்தது. எழுத்தாளர் இதற்கு மேல் என்னதான் செய்வார்!

இரண்டு பையன்கள் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடினால் 'ட்வைலைட்'டில் போய் நிற்கவேண்டும். அரிசோனாவில் மூன்று பையன்களுக்குத் தாயாக இருந்த ஸ்டெஃபனி மேயர், 2003 ஜூனில் ஒரு கனவு கண்டார்: புல்வெளியில் ஒரு சாதாரணப் பெண்ணும் மின்னும் தோல் கொண்ட ரத்தக்காட்டேரி இளைஞனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் நாவலை முடித்தார். லிட்டில், பிரவுன் பதிப்பகம் மூன்று புத்தகங்களுக்கு ஏழரை லட்சம் டாலர் கொடுத்தது. 2005இல் முதல் புத்தகம் வந்தது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

அந்த மூன்று புத்தக ஒப்பந்தத்தில்தான் முக்கோணத்தின் ரகசியம் இருக்கிறது. முதல் புத்தகத்திலேயே காதலர்கள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஆயிரம் பக்கத்துக்கு என்ன செய்வது? 'நியூ மூன்' கண்டுபிடித்த வழி எளிமையானது: காட்டேரிக் காதலன் எட்வர்டை ஊரைவிட்டு அனுப்பு, காலியான இடத்தில் இன்னொரு இளைஞன் ஜேக்கப்பை உட்கார வை. அதன்பிறகு வந்த முத்தொகுதிகள் பலவற்றில் இரண்டாவது புத்தகம் இதே வேலையைத்தான் செய்கிறது. முதல் காதலன் காணாமல் போவான், அல்லது செத்ததாகச் சொல்லப்படுவான், புதியவன் வருவான், கடைசிப் பக்கத்தில் பழையவன் கதவருகே நிற்பான். லாரன் ஆலிவரின் 'பேண்டமோனியம்' அச்சுப் பிசகாமல் இப்படித்தான் முடிகிறது.

'ட்வைலைட்'டைக் கிண்டல் செய்வது சுலபம், செய்து செய்து சலித்தும்விட்டது. வெயிலில் மின்னும் காட்டேரியைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஒரே நேரத்தில் பத்துப் பேரை அடிக்கும் நாயகனைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பெண்பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் எதற்கும் கேலி கொஞ்சம் அதிகமாகவே விழும். முதல் புத்தகம் மேற்சொன்ன சோதனையில் தேறிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். எட்வர்டுக்கு நாயகி பெல்லாவின் ரத்த வாடை மற்ற யாருடையதையும்விட அதிகமாக இழுக்கிறது. அவளை நெருங்கும் ஒவ்வொரு அங்குலமும் அவளைக் கொல்வதற்கான அங்குலம். இந்த விதி இருக்கும்வரை ஒரு கைதொடுதலுக்கே பதற்றம் இருக்கிறது.

கடைசிப் புத்தகமான 'பிரேக்கிங் டான்' அந்த விதியையே கரைத்துவிட்டது. பெல்லா காட்டேரியாகிறாள், புதிய காட்டேரிகளுக்கு வரவேண்டிய கொலைவெறி அவளுக்கு மட்டும் வருவதில்லை, குழந்தையும் உண்டு, அழகும் உண்டு, சொத்தும் உண்டு. பெரிய யுத்தத்துக்குக் கூடிய இரு படைகளும் பேசிவிட்டுக் கலைந்துபோகின்றன. படமெடுத்தவர்களுக்கே இது பொறுக்கவில்லை போலிருக்கிறது. 2012இல் வந்த கடைசிப் படத்தில் தலைகள் பறக்கும் சண்டை ஒன்றை வைத்து, பிறகு அது ஒரு தீர்க்கதரிசனக் காட்சி மட்டுமே என்று சமாளித்தார்கள். தோற்ற காதலனான ஜேக்கப்புக்கு ஆறுதல் பரிசாகப் பெல்லாவின் பிறந்த குழந்தையையே விதி முடிச்சுப் போட்டு வைத்ததை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அதைப் படிக்கும்போது வரும் அருவருப்பு வாசகரின் குற்றமில்லை.

2010ஐ ஒட்டி வந்த சர்வாதிகார உலக நாவல்களில் ஆலி காண்டியின் 'மேட்ச்ட்' தனித்துப் பேசத்தக்கது, அதுவும் தமிழ் வாசகர்களுக்கு. அந்த உலகில் யார் யாரை மணக்கவேண்டும் என்று அரசுதான் முடிவு செய்கிறது. தரவுகளைப் பொருத்திப் பார்த்து, 17 வயதில் விருந்து வைத்து, திரையில் மாப்பிள்ளை முகத்தைக் காட்டுகிறார்கள். நாயகி காசியாவுக்குத் திரையில் வருவது சிறுவயதுத் தோழன் சாண்டர். வீட்டுக்கு வந்து தகவல் அட்டையைப் போட்டுப் பார்த்தால் ஒரு நொடி வேறொருவன் முகம் மின்னி மறைகிறது. அமெரிக்க வாசகிக்கு இது கொடுங்கனவு. குறிப்பு நோட்டும் போட்டோவும் கையுமாகத் தரகர் வந்து உட்காரும் வீட்டில் வளர்ந்தவளுக்கு இது ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கேட்கும் முதல் கேள்வியே வேறாக இருக்கும்: பொருத்தம் பார்த்த பையன் நல்லவனாகவே இருந்துவிட்டால்?

காண்டி இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்தார் என்பதுதான் அந்த நாவலின் பெருமை. சாண்டர் கெட்டவனில்லை, அன்பானவன், புத்திசாலி. அரசு தேர்ந்தெடுத்தவன் என்ற ஒன்றைத் தவிர அவனிடம் குறை இல்லை. நாவலின் மிக அழகான பகுதியும் இந்த உலகத்துக்குள் மட்டுமே நடக்கக்கூடியது. அங்கே யாருக்கும் கையால் எழுதத் தெரியாது. திரையில் தட்டத்தான் தெரியும். முகம் மின்னி மறைந்த அந்த இரண்டாமவன் அவளுக்குக் குச்சியால் மண்ணில் எழுத்துப் பழக்குகிறான். எழுத்தறிவித்தல் காதலாக மாறும் அந்தக் காட்சிகளுக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம். அடுத்த இரண்டு பாகங்களும் பள்ளத்தாக்கு, கொள்ளைநோய், கிளர்ச்சிப்படை என்று நகர்ந்து, சாண்டரைப் பற்றிய கேள்வியை வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டன.

'டெலிரியம்' நாவலில் காதல் ஒரு நோய். 18 வயதில் மூளையில் சிகிச்சை செய்து குணப்படுத்துகிறார்கள். பள்ளியில் ரோமியோ ஜூலியட் உண்டு, காதலித்தால் என்ன கதி என்பதற்கு எச்சரிக்கைப் பாடமாக! லாரன் ஆலிவருக்கு நகைச்சுவை உண்டு. அந்தப் புத்தகத்தில் மனதில் நிற்பது நாயகி லேனாவின் காதலன் அல்ல, அவள் அம்மா. மூன்று முறை சிகிச்சை செய்தும் குணமாகாமல், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பிள்ளைகளோடு ரகசியமாக ஆடிப்பாடிய அம்மா. காதலை வெட்டியெடுக்கும்போது தாய்ப்பாசமும் சேர்ந்தே போய்விடும் என்ற கற்பனைதான் இந்த நாவலின் உண்மையான கண்டுபிடிப்பு. அதைப் பின்னால் தள்ளிவிட்டு வேலிதாண்டி ஓடும் ஜோடியை முன்னால் நிறுத்தியது வீண்.

கீரா காஸின் 'த செலக்‌ஷன்' இன்னும் பெரிய வீணடிப்பு. 35 பெண்கள், ஒரு இளவரசன், நாடே பார்க்கும் சுயம்வரம். அந்த நாட்டில் எட்டு சாதிகள், ஒன்று முதல் எட்டுவரை எண்ணிட்டு. அமெரிக்கா என்று பெயர்கொண்ட நாயகி ஐந்தாம் சாதி, கலைஞர் வகுப்பு. அவள் ஒளிந்து சந்திக்கும் ஆஸ்பென் ஆறாம் சாதி, வேலைக்காரர் வகுப்பு. மணந்தால் அவளும் ஆறாகிவிடுவாள். ஆணவக் கொலைச் செய்திகளை நாளிதழில் படித்து வளர்ந்த வாசகருக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். நிமிர்ந்தது வீண். அரண்மனைக் கதவு திறந்ததும் சாதி என்பது எந்தப் பெண்ணுக்கு எந்த முட்கரண்டி பிடிக்கத் தெரியாது என்ற அளவுக்குச் சுருங்கிப்போகிறது. கவுன்கள் நன்றாக இருக்கின்றன. ரயிலில் படிக்க உகந்த புத்தகம்.

வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மனிதர்களை ஐந்து குணங்களாகப் பிரித்த சிகாகோ என்ற யோசனை முதல் புத்தகத்தைத் தாண்டித் தாங்கவில்லை. 2013இல் வந்த மூன்றாவதில் நாயகியைச் சாகடித்தார், ரசிகர்கள் கொந்தளித்தார்கள். அது துணிச்சலான முடிவுதான். அதுவரை ஒரே குரலில் சென்ற கதையைத் திடீரென இருவர் குரலில் பிரித்துச் சொன்னபோதே பலர் மோப்பம் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். கடைசிப் பாகத்தை இரண்டு படமாக வெட்டப்போய், இரண்டாவது பாதி எடுக்கப்படாமலே போனது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 2001லேயே, இங்கிலாந்தில் மலோரி பிளாக்மன் 'நாட்ஸ் அண்ட் க்ராஸஸ்' எழுதிவிட்டார். அங்கே கறுப்பர்கள் ஆளும் வர்க்கம். வெள்ளையர்கள் அண்மைக்காலம்வரை அடிமைகளாக இருந்தவர்கள். அமைச்சரின் மகள் செஃபி, அவர்கள் வீட்டில் வேலைபார்த்த பெண்ணின் மகன் கேலம். நிறத்தைத் தலைகீழாக்குவது மேலோட்டமான தந்திரமாகப் போயிருக்கலாம். பிளாக்மன் அதைச் சின்னச்சின்னப் பொருட்களுக்குள் இறக்குகிறார். பள்ளியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நெற்றியில் காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வருகிறாள். பிளாஸ்திரி கரும்பழுப்பு, அவள் வெளிர்த்தோலில் பளிச்சென்று தெரிகிறது. வேறு நிறத்தில் கடையில் கிடைப்பதில்லை. லண்டனில் வளர்ந்த கறுப்பினச் சிறுமியாகப் பிளாக்மன் தன் தோலில் ஒட்டிக்கொண்ட இளஞ்சிவப்புப் பிளாஸ்திரியின் மறுபக்கம் அது. ஒரு பிளாஸ்திரியில் ஒரு நாட்டையே காட்டிவிடுகிறார்.

இதில் காதல் எதையும் வெல்வதில்லை. செஃபி நல்லெண்ணத்தோடு செய்யும் ஒவ்வொன்றும் கேலத்தை மேலும் அவமானப்படுத்துகிறது. பள்ளிச் சாப்பாட்டறையில் அவன் மேசைக்கு வந்து உட்காரும் அவள் செயல்கூட. உரிமை உள்ளவளுக்கு அது நட்பு, உரிமை இல்லாதவனுக்கு அது ஆபத்து. கேலம் தீவிரவாதக் குழுவில் சேருகிறான், அவளைக் கடத்துவதில் பங்கெடுக்கிறான், கடைசியில் தூக்குமேடை ஏறுகிறான். காப்பாற்றும் கை எதுவும் கடைசி நிமிடத்தில் நீளுவதில்லை. பதின்வயதினருக்கு இவ்வளவு இருட்டு தாங்குமா என்று கேட்பவர்கள் பதின்வயதை மறந்தவர்கள். அந்த வயதில் அநியாயம்தான் முதலில் கண்ணில் படும்.

லீ பார்டுகோவின் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' வேறு வகை அற்புதம். 2015இல் வந்தது. பழைய ஆம்ஸ்டர்டாமை நினைவூட்டும் கெட்டர்டாம் துறைமுகம், அசைக்க முடியாத பனிக்கோட்டை, ஆறு திருட்டுப் பிள்ளைகள், மூன்று கோடி க்ரூகே கூலி. தலைவன் காஸ் ப்ரெக்கருக்கு 17 வயதுதான் என்பதை நம்புவது கடினம். 30 என்று மனதில் வைத்துப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும். அவன் கையுறையைக் கழற்றுவதில்லை. சிறுவயதில் கொள்ளைநோயில் இறந்த அண்ணனின் பிணத்தைப் பிடித்துக்கொண்டுதான் கடலிலிருந்து கரைசேர்ந்தான். அன்றிலிருந்து மனிதத் தோல் பட்டாலே பிணத்தின் ஈரம் ஞாபகம் வந்து மயங்குகிறான். அவன் விரும்பும் இனேஜ் கயிற்றின்மேல் நடப்பவள். சிறுமியாகக் கடத்தப்பட்டு விபசார விடுதியில் விற்கப்பட்டவள். அவளுக்கும் தொடுகை என்றால் பயம். இரண்டு புத்தகங்கள், ஆயிரம் பக்கங்கள். உச்சக்காட்சி என்று சொல்லத்தக்கது, ஒரு குளியலறையில் அவளுடைய காயக்கட்டை வெறுங்கையால் அவன் மாற்ற முயல்வது. அதுவும் முழுதாக முடிவதில்லை. இந்த வகையில் எழுதப்பட்ட படுக்கையறைக் காட்சிகள் அத்தனையையும் சேர்த்தாலும் அந்தக் கட்டுமாற்றும் காட்சியின் வெப்பம் வராது.

இதோடு தஹிரே மாஃபியின் 'ஷாட்டர் மீ' நாவலை வைத்துப் பார்க்கலாம். அங்கேயும் தொடுகைதான் பிரச்சினை: ஜூலியட் தொட்டால் ஆள் காலி. அருமையான விதி. ஆனால் அவளைக் காதலிக்க வரும் இரண்டு பேருக்கும் அவள் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. அழகான இளைஞர்களுக்கு மட்டும் விதிவிலக்கு! அடித்துத் திருத்திய வரிகளோடு எழுதப்பட்ட மொழியில் புதுமை இருந்தது. கதையிலோ, பூட்டைச் செய்த கையே சாவியையும் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டது.

அறிவியல் புனைகதைப் பக்கம் நிலைமை கொஞ்சம் சோகம். விண்கலம் என்றால் சன்னலில் நட்சத்திரம் தெரியும் விடுதி என்ற அளவில் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். விதிவிலக்கு மரிஸா மேயரின் 'சிண்டர்'. புதிய பெய்ஜிங் சந்தையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பெண், பாதி உலோகம். சிறுவயதில் பொருத்திய பாதம் வளர்ந்த காலுக்குப் போதாமல் போய், புதியது வாங்க ஆசைப்படும் இடத்தில் கதை தொடங்குகிறது. சின்ட்ரெல்லா கதையில் செருப்பு என்றால் இங்கே பாதமே கழன்று விழுகிறது. சைபார்க்குகளை முழு மனிதர்களாகச் சட்டம் கருதுவதில்லை. நோய்ச் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். பழுதான ஆண்ட்ராய்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வரும் இளவரசனுக்கு அவள் கையுறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவளுக்கோ வெட்கப்பட்டால் முகம் சிவக்காது, அழுதால் கண்ணீர் வராது. காதலில் விழுந்த பெண்ணுக்கு உடம்பு ஒத்துழைக்காத இந்த நிலையை மேயர் நகைச்சுவையோடு பயன்படுத்துகிறார். தொடர் நீண்டபோது புத்தகத்துக்கு ஒரு ஜோடியாக நான்கு ஜோடிகள் சேர்ந்து, கடைசியில் கல்யாண மண்டபச் சந்தடியாகிவிட்டது.

ஆமி காஃப்மனும் ஜே கிரிஸ்டாஃபும் சேர்ந்து எழுதிய 'இல்லுமினே' வேறு விதமாக ஆச்சரியப்படுத்துகிறது. மின்னஞ்சல், அரட்டை, ராணுவ அறிக்கை என்று ஆவணங்களாலேயே கட்டிய நாவல். காலையில் காதலை முறித்துக்கொண்ட ஜோடியின் கிரகம் அன்றே தாக்கப்படுகிறது. வேறு வேறு கப்பல்களில் தப்புகிறார்கள். எழுத்தாளர்கள் எஸ்ராவும் கேடியும் சேரவேண்டும் என்று நினைக்கிறார்கள். வாசகர் மனமோ போர்க்கப்பலின் பைத்தியம் பிடித்த செயற்கை நுண்ணறிவான எய்டன் பக்கம் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அந்த இயந்திரம் கேடியைக் கவனிக்கத் தொடங்கும் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர். தமிழில் இது நமக்குப் பழகிய விபத்து. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் காணாமல் போன கணவன் சிபியைத் தேடித்தான் நிலா கிளம்புகிறாள். படித்தவர்களிடம் இன்று கேட்டால் ஜீனோ என்ற இயந்திர நாயை விவரமாகச் சொல்வார்கள். சிபி எப்படி இருந்தான் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பெயருக்கு இரண்டே எழுத்து, பிள்ளை பெற அனுமதி என்று சட்டம் போட்ட அந்த உலகம், அமெரிக்கச் சர்வாதிகார அலைக்குக் கால் நூற்றாண்டு முந்தையது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம்.

நம் கதைகளோடு நேரடித் தொடர்புள்ளது இந்தியாவில் வளர்ந்த சங்கு மந்தன்னாவின் 'எ ஸ்பார்க் ஆஃப் ஒயிட் ஃபயர்'. 2018இல் வந்த இது விண்வெளி மகாபாரதம். கர்ணன் இடத்தில் எஸ்மே என்ற பெண். பிறந்ததும் தாய் அனுப்பிவிட்ட குழந்தை, வளர்ந்து, போட்டியில் வெல்ல முடியாத போர்க்கப்பல் ஒன்றை ஜெயிக்கிறாள். தாய்க்கு முன்னால் அவள் நிற்கும் இடங்களில் கதை பற்றி எரிகிறது. காதல் வரும் இடங்களில் அடுப்பு அணைந்துவிடுகிறது. கர்ணனுக்குக் காதல் எதற்கு என்று வியாசரே விட்டுவிட்டதை இவர் வலிந்து தேடியிருக்கவேண்டாம்.

இனி, கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்ற சங்கடமான விஷயம். பதின்வயதினருக்கென்று வெளியாகும் புத்தகங்களை வாங்குவோரில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள் என்று பௌக்கர் நிறுவனம் 2012இலேயே கணக்கெடுத்துச் சொன்னது. பெரியவர்கள் வாங்கினால் பெரியவர்களுக்கான சரக்கும் உள்ளே வரும். சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் பதின்வயது நாவலாகத்தான் வந்தது. 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பிரிவுக்கு நகர்த்தினார்கள். உள்ளே இருக்கும் பக்கங்கள் அதேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பள்ளி நூலகங்களில் எத்தனை 13 வயதுக் கைகள் அதைத் திறந்தனவோ.

மாஸுக்கு ஒரு பாராட்டு உரியது. முதல் புத்தகத்து நாயகன் டாம்லினை, இரண்டாவதில் காதலியைப் பூட்டிவைக்கும் ஆளாகக் காட்டினார். பாதுகாப்பு என்ற பெயரில் வரும் அடக்குமுறையை இளம் வாசகிகள் இனம்கண்டுகொள்ள அது உதவியிருக்கும். அவனுக்கு மாற்றாக வரும் ரைசாண்ட் விஷயத்தில் அதே கூர்மை காணாமல் போகிறது. ரமணிசந்திரன் வாசகிகளுக்கு இந்த ஆளைத் தெரியும்: செல்வந்தன், கர்வி, முதல் பாதியில் புண்படுத்துவான், இரண்டாம் பாதியில் அதற்கெல்லாம் ஒரு காரணம் வைத்திருப்பான். கூடுதலாக இவனுக்கு இறக்கையும் 500 வயதும் உண்டு. நாயகி ஃபேயருக்கு வயது 19. போதாததற்கு, இருவரும் பிறவியிலேயே முடிச்சுப் போடப்பட்டவர்களாம். ஒருவனை விட்டு ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணின் கதையை இத்தனை பக்கம் எழுதிவிட்டு, தேர்வே இல்லை, எல்லாம் விதி என்றால் பிறகு அவள் பட்ட பாடு எதற்கு?

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' ஆரம்பத்திலிருந்தே பெரியவர்களுக்கானது என்று சொல்லி வந்தது; ஆனாலும் போர்க் கல்லூரி, தேர்வு, விடுதி என்று சட்டகம் முழுக்கப் பதின்வயது நாவலுடையது. 2025 ஜனவரியில் தொடரின் மூன்றாவது புத்தகம் முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் போனது. மொழிநடை சுமார்தான். ஆச்சரியம், நம் சோதனையில் இது தேறிவிடுகிறது: நாயகன் நாயகியின் டிராகன்கள் இரண்டும் ஜோடி, பிரித்து வைக்க முடியாது, டிராகனின் உணர்ச்சி சவாரி செய்பவருக்குள்ளும் வழிகிறது. ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு பேரை அவர்களுடைய வாகனங்கள் சேர்த்துவைக்கின்றன. டிராகனை எடுத்தால் கதை விழும்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குச் 'சிண்டர்' போதும். பதினான்கில் 'ஹங்கர் கேம்ஸ்' கொடுக்கலாம். 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' முதல் ஐம்பது பக்கம் ஆள்பெயர்களால் மிரட்டும். அதைத் தாண்டிவிட்டால் பிரச்சினை இல்லை. மாஸும் யாரோஸும் கல்லூரிக்குப் பிறகு இருக்கட்டும், ஒளித்து வைத்தாலும் தோழி வீட்டில் கிடைக்கும் என்பது வேறு விஷயம். 'நாட்ஸ் அண்ட் க்ராஸஸ்' பதினைந்து வயதுக்கு. பரீட்சைக்கு முந்தின இரவு மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கணக்குப் பேப்பர் எழுத முடியாது.